கோடாரி எடுத்த கட்டு

எங்கள் கரையில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இல்லை. ஓட்டோ ஓடுகிற எனக்குப் பிலாத்து என்றுதான் பெயர். பெரிய வாரத்தில் எங்கள் கோவில் வளவில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகத்தில் இயேசுவுக்குச் சாவுத் தீர்ப்பிட்ட உரோமை அதிகாரி பிலாத்துவின் வேடம் வருடா வருடம் எனக்கு. தொண்டையும் தொந்தியும் அதற்கென்றே வாய்த்தவை. ஆனால் நான் சொல்ல வந்தது என்னைப் பற்றி இல்லை. எனக்கு முன்னால் கட்டாகக் கட்டிய தடிகளைத் தோளில் தாங்கிக்கொண்டு மேடைக்கு ஏறுவாரே பிலிப்பண்ணை, அவரைப் பற்றி.

குருநகருக்குப் பக்கத்துக் கரை எங்களுடையது. பிலிப்பண்ணை நண்டு வலைக்காரர். மனைவி போன பிறகு மகள் பிரியந்தினியோடு இருக்கிறார். கதை குறைவு, சிரிப்பு அதைவிடக் குறைவு. அவர் சிரித்தால் மழை வரும் என்று ஊரில் பகிடி. கரைச் சங்கத்துக்கு நெடுநாளாக அவர்தான் தலைவர். ஒருவர் வலைக்கு மேலே இன்னொருவர் வலை விடாமல், ஒருவர் மீனை மற்றவர் தொடாமல் கரை நடக்கிறதென்றால் அது அவருடைய பார்வைக்குப் பயந்துதான். நேர்மையான மனிதர். அந்த நேர்மையில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தடிக்கட்டைச் செய்தவரும் அவர்தான். பூவரசம் தடிகளை ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரு பழைய கோடாரியைச் செருகி, சிவப்பு நைலோன் கயிற்றால் வரிந்து கட்டியிருந்தார். கோவிலில் இருக்கும் சிலுவைப்பாதைப் படம் ஒன்றில் உரோமைச் சேவகன் ஒருவன் அப்படி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்ன சாமான் என்று ஒருவருக்கும் தெரியாது. முன்பு இருந்த பங்குச் சுவாமி ஒருவர், தனித்தடியை முறிக்கலாம், கட்டாக இருந்தால் முறிக்க முடியாது, அது ஒற்றுமையின் அடையாளம் என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டுப் போனார். பிலிப்பண்ணை அதை அப்படியே பிடித்துக்கொண்டார். நாடகம் முடிந்ததும் கட்டைச் சங்க மண்டபத்துக்குக் கொண்டுபோய்த் தலைவர் கதிரைக்கு மேலே மாட்டினார். சங்கக் கொடியிலும் அதை வரைவித்தார்.

அந்தக் கட்டுக்குக் கீழே இருந்துதான் எங்கள் கரைப் பொடியன் ஜெயசுதனைக் கரையை விட்டு நிறுத்தினார்கள்.

தை மாதத்தில் ஒரு சங்கக்காரரின் நண்டு வலை வெட்டுப்பட்டுக் கிடந்தது. ஜெயசுதனின் படகு அந்தப் பக்கம் போனதைக் கண்டதாக இரண்டு பேர் சொன்னார்கள். சங்கம் கூடியது. எல்லாரும் கை உயர்த்தினார்கள். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் கரையில் ஒருவரை நிறுத்துவதென்றால் அடிப்பதில்லை, ஏசுவதில்லை. அவருடைய மீனை ஏலம் கூறமாட்டார்கள். ஏலம் கூறுகிறவர் குவியல் குவியலாகக் கூறிக்கொண்டு வந்து, அவருடைய குவியலைத் தாண்டிக் காலை வைத்து அடுத்ததற்குப் போவார். வாங்க வந்தவர்களும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார்கள். ஒரு கிழமை அப்படித் தாண்டினார்கள். பிறகு ஜெயசுதன் படகைக் கட்டிவிட்டு நீர்வேலியில் வாழைக்குலை சுமக்கப் போனான்.

அவனுடைய தாய், யோசப்பின் என்பவள், பிலிப்பண்ணையின் படலையில் வந்து நின்றபோது நானும் அங்கே இருந்தேன்.

“பிலிப்பண்ணை, அவனை ஒருக்காக் கூப்பிட்டுக் கேளுங்கோ. கைக்குழந்தைக்காரன். கடல் இல்லாட்டி, வெளிநாட்டுக்குக் கள்ளமா ஆள் ஏத்திற ஏஜென்சிக்காரனோடை ஏறிப் போயிடுவான். அந்தப் பயணத்திலை போன பிள்ளையள் எத்தினை பேர் திரும்பி வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“சங்கம் ஒண்டாச் சொன்னது, யோசப்பின். நான் தனிய அதை முறிக்கேலாது.”

அவள் அழவில்லை. படலையைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் தலைவரோடு யார் கதைப்பது?

தவக்காலத்தில் நாடகம் பழகத் தொடங்கினோம். இந்த வருடம் பழக்க வந்தவன் டிலக்சன், பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துவிட்டு வந்த எங்கள் பங்குப் பொடியன். பிலிப்பண்ணையின் கட்டைத் தொட்டுப் பார்த்துச் சந்தோசப்பட்டான்.

“உரோமையிலை அதிகாரிக்கு முன்னாலை இதைத் தூக்கிக்கொண்டு போவினம், மாமா. பிலாத்துக்கு இது இருந்திச்சோ எண்டது சந்தேகம்தான். அவர் அவ்வளவு பெரிய ஆள் இல்லை.”

எனக்கு மனம் நொந்தது.

“தெரியும், தம்பி,” என்றார் பிலிப்பண்ணை. “ஒற்றுமையின்ரை அடையாளம்.”

“அது பின்னாலை வந்த ஆக்கள் சொன்ன விளக்கம், மாமா. இந்தத் தடியள் அடிக்கிறதுக்கு. உடுப்பை உரிஞ்சு, கட்டி வைச்சு அடிப்பினம். கோடாரி கழுத்துக்கு. உங்களை இவர் என்னவும் செய்யலாம் எண்டு சனத்துக்குக் காட்டத்தான் முன்னாலை கொண்டு போறது.”

பிலிப்பண்ணை கட்டைத் தோளிலிருந்து இறக்கி நிலத்தில் ஊன்றினார்.

“ஆனால் ஒண்டு,” என்றான் டிலக்சன். “உரோமை நகரத்துக்குள்ளை வரேக்கை கோடாரியைக் கழட்டிப்போடுவினம். அங்கத்தைய குடிமகனுக்குச் சாவுத் தீர்ப்புச் சொன்னால் அவன் சனத்திட்டை முறையிடலாம். சனத்தைக் கேக்காமல் கழுத்திலை கை வைக்கேலாது.”

“உள்ளூர்க்காரனுக்குக் கோடாரி இல்லை?”

“இல்லை, மாமா. ஊருக்கு வெளியிலைதான்.”

அதற்குப் பிறகு அவர் நாடகம் பழகுவதில் மனம் வைக்கவில்லை. நான் வலப்பக்கம் திரும்பினால் அவர் இடப்பக்கம் போனார். வீட்டுக்குப் போக என் ஓட்டோவில் ஏறினார். பாதி வழியில் சொன்னார்.

“பிலாத்து, நாங்கள் உள்ளூர்ப் பிள்ளையின்ரை கழுத்திலை எல்லே கோடாரியைப் போட்டனாங்கள். ஜெயசுதன் முறையிட ஒரு இடம் விடேல்லை.”

“இப்ப விடுங்கோவன், அண்ணை.”

“ஓம். உயிர்ப்பு ஞாயிறு முடியட்டும். சங்கத்துக்கு முன்னாலை அவனை நிப்பாட்டுவம். சனம் கேக்கட்டும்.”

சனத்தின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அது இல்லை. வருடா வருடம் மேடையில் நின்று “யாரை விடுதலை செய்ய வேண்டும்?” என்று சனத்தைக் கேட்கிறவன் நான். ஒருமுறையாவது நல்ல பதில் வந்ததில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவை ஓட்டினேன்.

நாடகத்தன்று பிலிப்பண்ணை கொண்டுவந்த தடிக்கட்டுக்குள் கோடாரி இல்லை. டிலக்சன் தலையில் கை வைத்தான். “இது எருசலேம், மாமா! இங்கை கோடாரி இருக்க வேணும்!”

“இது எங்கடை ஊர், தம்பி,” என்று சொல்லிவிட்டு அவர் மேடைக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். என் கேள்விக்குச் சனம் வழக்கம்போல “சிலுவையில் அறையும்!” என்று கத்தியது. அதிலே சங்கக்காரர்களின் சத்தம்தான் கூட. பெண்கள் பக்கத்தில் யோசப்பின் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததைக் கண்டேன்.

உயிர்ப்பு முடிந்த கிழமை சங்கம் கூடியது. நான் கடல் தொழிற்காரன் இல்லை, வாசலில் நின்று பார்த்தேன். ஜெயசுதன் நீர்வேலியிலிருந்து வந்து, வாழைக்கறை பிடித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

“வலையை வெட்டினது நான்தான்,” என்றான். மண்டபம் இரைந்தது. “எஞ்சின் விசிறியிலை வலை சுத்திப்போட்டுது. காத்து எழும்பி நிக்குது. வெட்டாட்டிப் படகு பிரண்டிருக்கும். வழமைபோல வெட்டின இடத்திலை அடையாளத்துக்குத் துணி கட்டிவிட்டனான். துணி அவிண்டு போச்சுப்போலை. அடுத்த நாள் வந்து சொல்லுவம் எண்டிருக்க, அதுக்குள்ளை என்னை நிப்பாட்டிப்போட்டியள். வலையை நான் பொத்தித் தைச்சுத் தாறன்.”

வலையின் சொந்தக்காரர் துணி எதையும் காணவில்லை என்றார். இவனுக்கு இளகினால் நாளைக்கு எல்லாரும் வெட்டுவார்கள் என்றார் இன்னொருவர். பிலிப்பண்ணை எழும்பினார்.

“எங்களிலை விசிறியிலை வலை சுத்தாத ஆள் ஆர்? இவனைத் திரும்பக் கரைக்கு எடுக்க விருப்பமானவை கை உயர்த்துங்கோ.”

அவர் தன் கையை உயர்த்தினார். பின்வரிசையில் ஒரு கிழவர் பாதி உயர்த்திவிட்டு, பக்கத்திலிருந்தவரைப் பார்த்துக் கீழே விட்டார். வேறு கை எழும்பவில்லை. எடுக்கக் கூடாது என்பவர்கள் யார் என்று கேட்டபோது ஒன்றைப் பார்த்து ஒன்றாக மற்ற எல்லாக் கைகளும் மேலே போயின. இத்தனை வருடம் அவர் பழக்கிய ஒற்றுமை. ஒரு விரல் பிசகவில்லை.

பிலிப்பண்ணை கதிரையில் ஏறித் தடிக்கட்டைக் கழற்றினார். முடிச்சு இறுகிப் போயிருந்தது. பல்லால் இழுத்து அவிழ்த்தார். தடிகள் மேசையில் விழுந்து உருண்டன. ஒருவரும் பொறுக்கவில்லை.

“பிள்ளை, விடியக் கடலுக்கு வா,” என்றார் ஜெயசுதனிடம். “என்ரை படகிலை.”

அடுத்த நாள் காலையில் நானும் கரைக்குப் போனேன். பிலிப்பண்ணையும் ஜெயசுதனும் நண்டைக் கொட்டிவிட்டு நின்றார்கள். நல்ல பாடு, நிறைய நண்டு. உயிரோடு கால் அசைத்துக்கொண்டிருந்தன. ஏலம் கூறுகிறவர் பக்கத்துக் குவியலைக் கூறி முடித்தார். அவர் பிலிப்பண்ணையால் அந்த வேலைக்கு வந்தவர். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, சாரத்தைத் தூக்கிப் பிடித்து, நண்டுக் குவியலைத் தாண்டிக் காலை வைத்தார். வாங்க வந்தவர்களும் அவர் பின்னாலேயே போனார்கள்.

பிலிப்பண்ணை அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டப் போனேன். புத்தூர்ப் பக்கம் கொண்டுபோனால் விற்கலாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

“ஜெயசுதன்,” என்றார். “இப்பிடித்தான் இருந்ததோடா உனக்கு?”

அவன் குனிந்து ஒரு நண்டை எடுத்துப் பெட்டிக்குள் போட்டான்.

“ஓம், மாமா.”