கூடைமேல் காயப்போட்ட இசைத்தட்டு

ஈரமான கம்பளிக் காலுறை கங்குக்கு மேலே காயும்போது ஒரு வாசம் கிளம்பும். தைலமரப் புகையும் ஆட்டு வாடையும் பாதிப் பாதி கலந்த அந்த வாசம்தான், ஐப்பசி பிறந்ததிலிருந்து தை பிறக்கும்வரை, கொடைக்கானலில் எங்கள் வீட்டு வாசம். அந்த மாதங்களில் வெயில் எப்போதாவது தலையைக் காட்டிவிட்டுப் போகும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகையால் இரும்புச் சட்டியில் தணலை அள்ளிப் போட்டு, அதன்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் முதுகில் ஈரத்தை எல்லாம் பரப்பிவிடுவோம். அதற்கு எங்கள் வீட்டில் "கங்குச் சட்டி" என்று பெயர். பள்ளிச் சீருடை, அப்பாவின் மப்ளர், நமத்துப்போன அப்பளம், ஒரு தடவை மழையில் நனைந்த என் வரலாற்றுப் புத்தகம், எல்லாம் அதன்மேல் காய்ந்தவைதான். ஈரமானால் கூடைமேல் போடு. பதினொரு வயதில் எனக்குத் தெரிந்த உலக ஞானம் அவ்வளவுதான். அந்த ஞானத்தால்தான் கெட்டேன்.

இன்றைக்கு நான் இசைத்தட்டு சேர்க்கிறவள். திண்டுக்கல்லில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, ஜாஸ் தட்டுகளுக்கென்று ஒரு பீரோவையே ஒதுக்கி வைத்திருக்கிறேன். "பாட்டுக் கேக்க போனு பத்தாதாக்கும்?" என்று வீட்டுக்காரர் கேட்காத மாதமில்லை. நான் பயந்தாங்கொள்ளி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். கூடப் பிறந்த குணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, அது ஒரு மழைக்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏரிக்கு மேலே, சரிவில், ஒரு பழைய பங்களாவுக்கு அப்பா காவலாக இருந்தார். பின்கட்டில் இரண்டு அறையில் நாங்கள் மூன்று பேர். பங்களாவின் சொந்தக்காரர் கப்பலில் இன்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், சென்னைவாசி, அவரை நாங்கள் "கப்பல் சார்" என்றுதான் சொல்வோம். சீசனுக்கு ஒரு மாதம், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் வருவார். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டில் குடியிருந்தது ஈரம்தான். அப்பாவின் வேலையே பூசணத்தோடு மல்லுக்கட்டுவது: கூடத்துக் கணப்பில் நெருப்பு மூட்டுவது, புத்தகங்களைத் துடைப்பது, துறைமுகம் துறைமுகமாக சார் வாங்கி வந்து அடுக்கியிருந்த இசைத்தட்டுகளை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பது. "ஈரத்துணி மட்டும் ஆகாது தாயி" என்று நூறு தடவை சொல்லியிருப்பார்.

இன்னொரு வேலையும் உண்டு. ஈரத்தில் மோட்டார் இறுகிப்போய்விடும் என்று, வாரம் ஒருமுறை ரெக்கார்ட் பிளேயரை ஓடவிட வேண்டும் என்பது சாரின் உத்தரவு. எப்படிப் போடுவது என்று காட்டியபோது கைக்குக் கிடைத்த ஒரு தட்டை வைத்துக் காட்டினார் போலும். அப்பா அதற்கப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் அதே தட்டை, அதே பக்கத்தைத்தான் போடுவார். வேறு தட்டைத் தொட அவருக்குத் துணிவு வரவில்லை. இப்படியாக, உலகத்தில் வேறு எந்தக் காவல்காரர் வீட்டிலும் நடக்காத ஒன்று எங்கள் வீட்டில் நடந்தது: வாரா வாரம் ஜாஸ் கச்சேரி.

கிண்ணத்தில் தட்டுவது போன்ற சத்தம், ஆனால் கிண்ணம் இப்படி அழுமா? ஒரு தட்டுத் தட்டினால் அந்த ஓசை உடனே சாகாது. லேசாக நடுங்கிக்கொண்டே கூடம் முழுக்க மிதக்கும். அது அடங்குமுன் அடுத்த அடி. அவசரமே கிடையாது. வாசிக்கிறவரை அப்பா "கிண்ணிக்காரரு" என்பார். "கிண்ணிக்காரரு இன்னைக்கி மனசு சரியில்லாம வாசிக்காரு பாரு" என்பார், ஏதோ அந்த மனிதர் அன்றைக்குத்தான் வந்து வாசிப்பதைப் போல. அந்தக் கலைஞரின் நிஜப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மிச்சமிருக்கிற பிரதிகளுக்கும் போட்டி வந்துவிடும். சேகரிப்பவர்களின் அற்பப் புத்தி, மன்னியுங்கள்.

எங்களுக்கு முன்னால் அங்கே காவல் இருந்தவர் ஒரு பீங்கான் கிண்ணம் உடைந்ததற்காக வெளியேற்றப்பட்டவர். சார் கத்தவில்லையாம், திட்டவில்லையாம். "நீங்க வேற இடம் பாத்துக்கங்க" என்று மட்டும் சொன்னாராம். அப்பா இதை அடிக்கடி சொல்லுவார். "ஒரு சாமான்ல கீறல் விழுந்தாப் போதும், இந்தச் சோலியும் போச்சு, இந்தக் கூரையும் போச்சு, ஒன் பள்ளிக்கூடமும் போச்சு." நான் படித்தது டவுனில் நல்ல பள்ளிக்கூடம். அம்மாவுக்கு அதில் அத்தனை பெருமை.

அந்த வருஷம் கார்த்திகையில் அம்மா பூண்டு நடவுக்காக, மலைக்குள் இருக்கிற கிளாவரைக் கிராமத்தில் அப்பாவின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னதாகவே வருவதாகச் சாரிடமிருந்து கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கூரை ஒழுக்கு அடைக்கிற வேலை தலைக்கு மேல். "தாயி, அலமாரியத் தொடச்சிரு. காஞ்ச துணி, ஞாபகம் வச்சுக்க" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினார்.

கிண்ணிக்காரர் தட்டை உறையிலிருந்து உருவினேன். இரண்டு பக்கமும் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூசணம். காய்ந்த துணியால் தேய்த்தேன், போகவில்லை. அழுத்தித் தேய்த்தால் கீறல் விழுமோ என்று பயம். விட்டுவைத்தால் சார் பார்ப்பாரே என்று பயம். செருப்பில் பூசணம் வந்தால் அம்மா என்ன செய்வாள்? சோப்புப் போட்டுக் கழுவுவாள். கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது, அந்த நிமிஷம் என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிறகு, ஈரமாக இருந்ததல்லவா, கூடைமேல் போட்டேன். போட்டுவிட்டு அரிசி களையப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் தட்டின் விளிம்பு, பொரித்த அப்பளம் மாதிரி, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. ஐயோ! எடுத்து உறைக்குள் திணித்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து, அதன்மேல் நானே ஏறி உட்கார்ந்தேன். அடுத்த நாள் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. வேறு வழியில்லாமல் அலமாரியிலேயே திருப்பி வைத்தேன். சோறு இறங்கவில்லை. வகுப்பில் டீச்சர் பெயரைக் கூப்பிட்டால்கூட, சார் வந்துவிட்டார் என்று ஆள் அனுப்பியிருக்கிறார்களோ என்று வாசலைப் பார்த்தேன். பழனி முருகனிடம் பேரம் பேசினேன்: யாரும் கண்டுபிடிக்காமல் இருந்தால் உன் மலைக்கு வந்து படி படியாகக் கும்பிட்டுக்கொண்டே ஏறுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. அப்பா தட்டை எடுத்து வைத்தார். நான் கணப்பு ஓரத்தில் விறகு அடுக்குகிற பாவனையில் உட்கார்ந்திருந்தேன். ஊசி இருக்கிற கை, ஏரியில் படகு போல, மேலே போய்க் கீழே வந்தது. முதல் பாட்டு தொடங்கியது. ஏற்கனவே நடுங்குகிற ஓசை, இப்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை சாய்ந்து, தடுமாறி, எழுந்து வந்தது. அழுதுகொண்டே பேசுகிறவர்களின் குரல் நடுவில் உடைவதைப் போல. அடுக்கிய விறகையே மறுபடி அடுக்கினேன். இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும், அது முன்னைவிட நன்றாக இருந்தது. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். ஊசியைத் தூக்கி, தட்டை எடுத்து உறையில் போட்டார். "விறகு நமத்துப் போயிருக்கு, வெரசாப் போயி வேற எடுத்துட்டு வா" என்றார். அவ்வளவுதான். நடுக்கத்தோடு நடுக்கம், அப்பாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

சார் வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் டீ கொண்டுபோன அப்பாவின் பின்னாலேயே போய், சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நின்றேன். அதே தட்டு. அதே தடுமாற்றம். பாட்டு பாதியில் நின்றது. அப்பாவும் அவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசுவது கேட்டது, வார்த்தை புரியவில்லை. பிறகு வேறு தட்டு ஓடத் தொடங்கியது. அப்பா காலி டம்ளரோடு வெளியே வந்து, என்னைப் பார்த்து, "இங்க என்ன சோலி? போயி எழுது போ" என்றார். முகத்தில் ஒன்றும் இல்லை. தப்பித்தேன் என்று நான் ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது.

பொங்கல் கழிந்ததும் அப்பா ஒருநாள் சாமானைக் கட்டினார். "எனக்கு இந்தக் குளிரு ஒத்துக்கல. கெளாவரைக்கே போயிருவோம்" என்றார். கொடைக்கானல் குளிர் ஒத்துக்கொள்ளாத மனிதர், அதற்கும் அப்பால், கேரள எல்லையை ஒட்டிப் பனி உறைகிற ஊருக்குப் போகிறார். பதினொரு வயதில் எனக்கு அது உறைக்கவில்லை. என்னைப் பழனியில் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். டவுன் பள்ளிக்கூடம் கைநழுவிப் போனதில் அம்மா ஒரு வருஷம் அப்பாவோடு சரியாகவே பேசவில்லை. நானோ முதல் ஞாயிற்றுக்கிழமையே மலையேறி, படி படியாகக் குனிந்து கும்பிட்டு, வேண்டுதலை நிறைவேற்றினேன். ஆனால் பயம் போகவில்லை. என்றைக்காவது ஒருநாள் சார் அந்தத் தட்டோடு விடுதி வாசலில் வந்து நிற்பார் என்றே பள்ளிக்காலம் முழுக்க எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாத்தியத்துக்கு வைப்ரஃபோன் என்று பெயர் என்பதை வேலைக்குப் போன பிறகுதான், மதுரையில் ஒரு பழைய தட்டுக் கடையில், தெரிந்துகொண்டேன். உலோகப் பட்டைகள், அவற்றுக்குக் கீழே குழாய்கள், குழாய்க்குள் மோட்டாரில் சுழலும் சிறு தகடுகள். அந்தச் சுழற்சிதான் நடுக்கம். கிண்ணிக்காரரின் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தேன். இளவயதுத் தட்டுகளில் மனிதருக்கு ஒரே அவசரம். கை வேகத்தைக் காட்டுகிறார். நடுவயதில் ஆர்கனோடு சேர்ந்து வாசித்த ஒன்றில் மாதா கோயில் வாடை அடிக்கும். பக்கத்தில் யாரோ இறந்துபோன வீட்டில் வாசிப்பது போல அத்தனை அடக்கம். ஒன்றில் மோட்டாரையே நிறுத்திவிட்டு வாசித்திருக்கிறார்; ஓசை நேராக வந்து நேராகப் போகிறது. இன்னொன்றில் வாத்தியத்தின் அடியில் அவர் காலால் அழுத்துகிற மிதிக்கட்டையின் கிறீச் கேட்கும், கூடவே அவர் முனகுவதும். எல்லாம் கிடைத்தது, அந்த ஒரு தட்டு மட்டும் கிடைக்கவில்லை.

போன ஐப்பசியில் அதுவும் கிடைத்தது. பெங்களூரில் ஒருவரிடமிருந்து, கீறல் இல்லை, தூசி இல்லை, கடையிலிருந்து நேற்று வந்தது போல. வீட்டில் போட்டுக் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. என் மனசுக்குள்தான் ஒன்றும் அசையவில்லை. கையில் தூக்குகிற பிளேயர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளனே கிளம்பி, பஸ் மாறிக் கிளாவரைக்குப் போனேன். அம்மா காலமாகிவிட்டாள். எண்பதைத் தாண்டிய அப்பா, பெரியப்பா மகன் வீட்டில் பூண்டுக் கட்டுகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெளியே சாரல். ஒரு மூலையில் கங்குச் சட்டி. அதன்மேல் யாரோ ஒரு பேரனின் காலுறை.

முதல் பாட்டை வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டார், அன்றைக்குப் போலவே.

"கிண்ணிக்காரரு" என்றார். பாட்டு பாதி ஓடியதும், "இது நம்ம தட்டு இல்லையே தாயி. நம்ம தட்டு ஆடும்ல."

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம? நடுவுல ஒட்டியிருந்த காயிதத்துல மூங்கிக் கூடப் பின்னலு அப்படியே பழுப்பாப் பதிஞ்சு கெடந்துச்சு. நீ மேப்பக்கம் மட்டும் பாத்திருப்ப. சோப்பு வாடை வேற."

"சாருக்கு?"

"அவரு கேட்டாரு. நாந்தான் கழுவிக் காயப் போட்டேன்னு சொன்னேன். வேற எடம் பாத்துக்கங்கன்னாரு. மரியாதையாத்தான் சொன்னாரு, பாவம்."

நான் அழுதுவிட்டேன். ஐம்பதை நெருங்குகிற பொம்பளை, பூண்டுக் கட்டுமேல் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். "ஏம்ப்பா எங்கிட்டச் சொல்லல? இத்தன வருசம்?"

"நீ ஏற்கனவே சோறு தண்ணி இல்லாம பயந்து கெடந்த. அதுக்கு மேல இத வேற சொல்லணுமாக்கும்?" என்றார். பிறகு பொக்கை வாய் தெரியச் சிரித்துக்கொண்டு, பிளேயரில் சுற்றிக்கொண்டிருந்த என் பளபளக்கும் தட்டையும் மூலையிலிருந்த கங்குச் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணும்னா இதையும் ஒருக்கா கூடைமேல போட்டு எடு. சரியாயிரும்."

படி படியாகக் கும்பிட்டு முருகனுக்கு நன்றி சொன்னேனே, அந்த நேரத்தில் அந்த நன்றிக்கு உரியவர் இந்த ஊரில் அண்ணன் நிலத்தில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் அழுதிருப்பேன். சொல்லாததால் முப்பத்தைந்து வருஷம் பயந்தேன். இதில் எது நல்லது என்று எனக்குத் தெரியவில்லை. அவர்மேல் கோபம்கூட வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

ஊர் திரும்பும்போது கொடைக்கானலில் இறங்கி அந்தச் சரிவுக்குப் போய்ப் பார்த்தேன். பங்களா இல்லை, நான்கு மாடியில் தங்கும் விடுதி நிற்கிறது, வாசலில் வண்டிகள். பின்கட்டு இருந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி. சார் காலமாகி வெகு நாளாகிறதாம். சாமான்களைப் பழைய சாமான் கடைக்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள் என்று எதிர்க்கடையில் சொன்னார்கள். அப்படியென்றால் அது எங்கேயோ இருக்கிறது. பழுதில்லாத பிரதிகளைப் பற்றி யார் எழுதினாலும் நான் இப்போது பதில் போடுவதில்லை. கிண்ணிக்காரரின் அந்தத் தட்டு, வளைந்தது, விலை போகாதது என்று யாராவது சொன்னால் உடனே போன் செய்கிறேன். பின்பக்கத்து வட்டக் காகிதத்தில் மூங்கில் கூடையின் தடம் தெரிகிறதா, கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். எல்லோரும் பார்க்கிறார்கள். இதுவரை இல்லை என்றுதான் சொல்கிறார்கள்.