எக்கோ இல்லாமல் பாடியவள்

தட்டாஞ்சாவடியில் ஒரு மாத்திரைக் கம்பெனி. அங்கே பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் மிஷினுக்குப் பக்கத்தில் தொப்பியும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு நிற்கிறாளே, அவள்தான் ஹேமலதா. முப்பதைத் தாண்டியவள், முத்தியால்பேட்டைக்காரி. மாஸ்க்குக்குள் அவள் பாடிக்கொண்டிருப்பது சூப்பர்வைசருக்குத் தெரியாது. மிஷின் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே எங்கோ தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலிருக்கும். கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்பது அவளுக்குக் கைவந்த கலை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் ‘ஈரமணல்’ இசைக்குழுவின் பாடகி. டிரீம் பாப் என்கிறார்களே, அந்த இசை. முகிலனின் கிதார் சாரலாகக் கரையும், மேகத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மிதந்து வரும், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே கேட்பவருக்கு மறந்துபோகும். முதல் ஆல்பம் வந்தபோது கடற்கரைப் பாறைகளில் இளசுகள் ஹெட்போனோடு சொக்கிக் கிடந்தார்கள். ஒருவருக்காவது ஒரு வரி புரிந்ததா? ம்ஹூம்! குரல்மேல் அத்தனை எக்கோ. அப்படித்தான் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் இவளேதான். சொல்லவும் வேண்டும், யாருக்கும் கேட்கவும் கூடாது. நல்ல கூத்து!

இரண்டாவது ஆல்பத்துக்கு அவள் எழுதிய கடைசிப் பாட்டு அக்கா பார்வதியைப் பற்றியது. அம்மா இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் பார்வதி. ஊரின் தெற்குக் கோடியில் உப்பளம் என்கிற பகுதியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முதல் ஆல்பம் வந்த வருஷம், அக்கா வீட்டு விசேஷத்தில் அக்கா புருஷன் ஆதிமூலம் மாமா அத்தனை சொந்தக்காரர்களுக்கு முன்னால், “மேடையில நின்னு பாடறவளயெல்லாம் சபையில கூப்ட்டு உக்கார வெக்கணுமா?” என்று கேட்டுவிட்டார். அக்கா வாயே திறக்கவில்லை. மாமா பேசியதைக்கூட ஹேமலதா பொறுத்திருப்பாள், அக்காவின் மௌனத்தைத்தான் தாங்க முடியவில்லை. இலையில் உட்காராமல் வந்தவள் வந்தவள்தான். அப்புறம் போன் இல்லை, போக்குவரத்து இல்லை. அக்கா தங்கை இருவருக்கும் ரோஷத்துக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஆனால் பாருங்கள், முத்தியால்பேட்டையிலிருந்து தட்டாஞ்சாவடிக்குப் போக எந்தப் புத்தியுள்ளவராவது உப்பளத்தைச் சுற்றிக்கொண்டு போவாரா? இவள் போனாள். கடல்பக்கமிருந்து வரும் பிசுபிசுத்த காற்றில், இன்னும் முழுசாக விழிக்காத அந்தத் தெருவில் ஸ்கூட்டரை மெதுவாக்குவாள். நிறுத்தமாட்டாள். அதைத்தான் பாட்டாக்கினாள்.

*உன் வாசலத் தாண்டித்தான் போறேன் அக்கா,
நில்லுன்னு சொல்ல ஒரு குரல் இல்லாம.*

சுவரெல்லாம் மெத்தை சாத்திய மாடியறையில்தான் ரெக்கார்டிங். அறை, குழுவின் ஒலிப்பதிவைக் கவனித்துக்கொள்ளும் விஜய்யுடையது. பாடுகிறவருக்கு இதமாக இருக்கட்டுமென்று ஹெட்போனில் எக்கோவை நிரப்பிக் கொடுப்பார்கள். பதிவாவது என்னவோ வெறும் குரல்தான், எக்கோவைப் பிற்பாடு சேர்ப்பார்கள். ஹேமலதா கண்ணை மூடினாள். தன் குரல் அலையலையாகத் தன்னைச் சுற்றிவர, இந்த மறைவில் என்ன சொன்னால் என்ன என்று மனசைக் கொட்டிப் பாடினாள். ஓரிடத்தில் குரல் உடைந்து அழுதாள். அப்போதும் நிறுத்தாமல் பாடினாள்.

வந்தது வினை. கிதாரைச் சரிபார்க்க விஜய் அந்தப் பாட்டில் மட்டும் குரலுக்குச் சேர்த்திருந்த எக்கோவை அணைத்தான். திரும்பப் போட மறந்து, அப்படியே ஆல்பத்தை வெளியிட்டுவிட்டான்.

ஆல்பம் வந்த அன்று மத்தியானம் கம்பெனி கேன்டீனில் யாரோ அந்தப் பாட்டைப் போனில் போட்டார்கள். தயிர்சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றது. ஐயையோ, அவள் அழுததுகூடப் பச்சையாகக் கேட்டது! வெளியே ஓடிவந்து விஜய்க்குப் போன் போட்டாள்.

“என்னடா பண்ணி வெச்சிருக்க? மானம் போவுதுடா!”

“தெரியாம நடந்துபோச்சுக்கா. இப்பவே மாத்திடறேன்.”

ஹேமலதா கேன்டீன் பக்கம் திரும்பிப் பார்த்தாள். உள்ளே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

“வேணாம், உடு,” என்றாள். “அவ கேக்கட்டும்.”

ஒரு வாரம் போயிற்று. எங்கெங்கிருந்தோ ஆட்கள் அழுததாக எழுதுகிறார்கள் என்று முகிலன் குதித்தான். யார் அழுது என்ன? அழ வேண்டியவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. ஹேமலதாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஷிப்ட் முடிந்த ஒரு சாயங்காலம் நேரே உப்பளத்துக்கு வண்டியை விட்டாள், அக்கா வீட்டு கேட்டருகே நிறுத்தினாள். பார்வதி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஊரே கேக்குது. நீ கேட்டியா என் பாட்ட?”

“என்னா பாட்டுடி?” பார்வதி திகைத்தாள். “மொத ஆல்பம் வந்தப்ப உன் கொரலக் கேக்கணும்போல இருக்குன்னு போட்டேன். ஒரு வார்த்த பிரியல. நீதானான்னே தெரியல. அப்பறம் எதயும் கேக்கல.”

வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! சரி, பாடிக் காட்டலாம் என்று வாயைத் திறந்தாள். ராகம் வரவில்லை, வார்த்தைதான் வந்தது.

“தெனமும் உன் வாசலத் தாண்டித்தாங்க்கா போறேன்.”

“தெரியும்டி. ஜன்னலாண்டதான் நிப்பேன்.”

“அப்ப ஏன் கூப்புடல?”

துணிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பார்வதி நின்றாள். “மாமா அப்பிடிப் பேசனப்ப வாய மூடிக்கினு இருந்தவடி நானு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு கூப்புடறது?”

ஹேமலதா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.