காருக்கு நெற்றி எது

என் உத்தியோக காலம் முழுவதும் வாகனப் பதிவு அலுவலகத்தில் கழிந்தது. அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து நகல் எடுப்போம். தேய்த்துத் தேய்த்து, காரில் எது புடைத்திருந்தாலும் தடவிப் பார்க்கும் பழக்கம் விரலுக்கு வந்துவிட்டது. முன்புறத்துக் கம்பெனிச் சின்னத்தைத் தடவாமல் எந்த வண்டியையும் அனுப்பியதில்லை. விதிகளில் அதற்கு இடமில்லை, தடையும் இல்லை.

கேடயம், சிறகு, வாயைப் பிளந்த மிருகம் என்று அன்றைய சின்னங்கள் கனமாக மின்னும். ஓய்வுபெற்ற பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொன்றாகத் தட்டையாகிக்கொண்டு வருகின்றன. நிழல் போயிற்று, பளபளப்பு போயிற்று, மிஞ்சியது நாலு கோடு. மேலிடத்து ஆணை வந்ததுபோல் பல கம்பெனிகள் அடுத்தடுத்து இதைச் செய்தன. ஆணை எதுவும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். வந்திருந்தால் இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது.

கோட்டுச்சேரியில் இருக்கும் என் தங்கையின் கணவர் புதுக் கார் வாங்கப் போனபோது துணைக்கு என்னையும் அழைத்தார். ஷோரூம் பெண்ணிடம் கேட்டேன்.

"இத ஏம்மா இப்படி இஸ்திரி போட்டு வச்சிருக்கீங்க?"

"இப்ப எல்லாரும் முதல்ல போன்லதான் சார் காரப் பாக்குறாங்க. அந்தச் சின்னக் கட்டத்துல பழைய மார்க்கு அழுக்கு மாதிரி தெரியும். இது பளிச்னு இருக்கும்."

ஓடுவது ரோட்டில், அலங்காரம் போனுக்கு. சின்னத்தை விரல் முட்டியால் தட்டினேன். பிளாஸ்டிக்.

"தட்டாதீங்க சார். பின்னாடி ரேடார் இருக்கு. எதிர்ல இருக்கற வண்டியப் பாக்கும். ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டிடாதீங்க."

தட்டையானதற்கு அதுவும் ஒரு காரணமோ என்று மேலே கேட்க நினைத்தேன். தங்கை கணவர், எங்கள் மாப்பிள்ளை, சீட்டின் நிறம் பற்றி அபிப்பிராயம் கேட்டுக் குறுக்கிட்டார்.

அவர் கார் வாங்கியதே மகளுக்காக. அவள் புகுந்த வீடு நாகப்பட்டினத்தில். அங்கே வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குக் கோட்டுச்சேரிக்கு அழைத்துவர வேண்டும். வாடகை வண்டியை நம்ப அவர் தயாராக இல்லை.

வளைகாப்பன்று காலையில் பிள்ளையார் கோயில் வாசலில் காருக்குப் பூஜை. பழைய சின்னத்தில் சந்தனம் மேட்டில் கொஞ்சம் ஒட்டும், பள்ளத்தில் கொஞ்சம் தேங்கும். இது தட்டு மாதிரி இருந்ததில் குருக்களுக்கு உற்சாகம். விளிம்புவரை தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, மேலே மாலையைத் தொங்கவிட்டார்.

மாப்பிள்ளை வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. உடனே உள்ளே 'டிங் டிங்' என்று மணி. திரையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ எழுத்து. அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"முன்னாடி என்னமோ இருக்குன்னு சொல்லுது."

பின்சீட்டில் வளையல் தட்டை மடியில் வைத்திருந்த தங்கை எட்டிப் பார்த்தாள். "என்னங்க இருக்கு? ஒரு நாயக்கூடக் காணுமே."

"அதான் எனக்கும் தெரியல."

அவள் தட்டோடு இறங்கிவிட்டாள். "நம்ம கண்ணுக்குத் தெரியாதது இதுக்குத் தெரியுதாக்கும்? எம்பொண்ண இதுல ஏத்த மாட்டேன். அண்ணே, இதத் திருப்பிக் குடுக்க என்ன வழி?"

"கண்ணுக்குத் தெரியாதது எதிர்ல நிக்குதுன்னு காரணம் சொல்லணும். அதுக்கு விதியில இடமில்லயே."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. அவளுக்கு முதல்ல ஒண்ணு தங்காமப் போச்சே, மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி முன்னால் வெறித்துக்கொண்டிருந்தார். உள்ளே குனிந்து திரையை முழுதாகப் படித்தேன். முன்புற ரேடாரை ஏதோ மறைக்கிறது என்று இங்கிலீஷில் இருந்தது. ஷோரூம் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது.

மாலையை எடுத்துவிட்டுத் துண்டை நனைத்துச் சின்னத்தைத் துடைத்தேன்.

"பிரசாதத்தைத் தொடைக்கறேளே!" என்று குருக்கள் பதறினார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி. மாப்ள, இப்ப எடுங்க."

மணி அடிக்கவில்லை. ஒரு முறை நடந்ததை நான் அத்தாட்சியாக ஏற்பதில்லை. குருக்களையே மறுபடி சந்தனம் அப்பச் சொன்னேன். கார் நகர்ந்ததும் டிங் டிங். துடைத்தேன். மௌனம்.

தங்கை காரின் முன்னால் வந்து நின்று சின்னத்தை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப இது கண்ணாண்ணே?"

"கண்ணு மாதிரிதான்."

"கண்ணுல சந்தனத்த அப்புனா யாராயிருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க."

அதற்காகப் பொட்டில்லாமல் கிளம்பவும் அவளுக்கு மனமில்லை. மாப்பிள்ளை நம்பர் பிளேட்டைக் காட்டினார். எண்ணை மறைப்பது குற்றம் என்றேன். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் சும்மா இருங்க." குருக்களின் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, சின்னத்துக்குச் சற்று மேலே, பானெட் விளிம்பில் சின்னதாகச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். "நெத்தி இங்க இருக்கு, கண்ணுலயா வைப்பாங்க?"

மாலை மட்டும் டாஷ்போர்டுக்குப் போனது. தட்டோடு ஏறிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பும்போது மகள் பின்சீட்டில் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கைவரை வளையல். வாஞ்சூர் தாண்டியதும் ஒரு பஸ் சட்டென்று குறுக்கே திரும்ப, 'டிங் டிங்' என்றது. மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். மகள் துள்ளி எழுந்தாள்.

"என்னம்மா சத்தம்?"

"ஒண்ணுமில்ல, படு," என்றாள் தங்கை. "அது பாத்துருச்சு."