மடிக்க முடியாத அட்டை

எந்தத் தாள் கைக்கு வந்தாலும் செயலாளர் அத்தை முதலில் அதைப் படிக்க மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஒரு தேய் தேய்ப்பார். "மெல்லிசு" என்று சொல்லிவிட்டால் அந்தத் தாள் தேறாது. "கெட்டி" என்றால் மட்டுமே கண்ணாடியைத் தேடுவார். நான் பட்டச் சான்றிதழை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதன் முத்திரையைத் தடவிப் பார்த்தாள். அப்பா என் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். செயலாளர் அத்தை ஓரத்தைத் தேய்த்துவிட்டு, "கெட்டிதான். பத்திரமா வை" என்றார்.

அத்தை என்று கூப்பிடுகிறேனே தவிர, சொந்தம் இல்லை. பக்கத்து வீடு. நாலு வீடுகளில் பெருக்கித் துடைக்கிறார். வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்துக்குச் செயலாளர். அம்மாவும் அந்தச் சங்கத்தில்தான். கூட்டம் என்றால் அத்தைதான் முதல் ஆளாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "நாலு வீட்ல நின்னாச்சு. இங்கயும் நின்னுக்கிட்டேதான் பேசணுமா?" சாத்த வராத கதவு, சொட்டும் குழாய், அடிக்கடி நிற்கும் கடிகாரம் எல்லாவற்றையும் வாய்விட்டுத் திட்டுவார். மனிதர்களைத் திட்டும்போது மட்டும் குரல் இறங்கிவிடும். அதற்குத்தான் எல்லாருக்கும் பயம்.

எங்கள் தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் பேர் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வேலைக்குப் போகிறார்கள். புகைப்படத்துடன் அடையாள அட்டை இல்லாதவர்களை உள்ளே விடுவதில்லை என்று அங்கே திடீரென்று ஒரு விதி வந்தது. அட்டையை நிர்வாகம் கொடுக்குமா என்று கேட்டால், "உங்க சங்கமே கொடுக்கட்டும்" என்று பதில். அத்தை சாதாரணத் தாளில் அச்சடித்துக் கொடுத்தார். வரிசையில் முதலில் நின்றவள் என் அம்மா. வாசல் காவலாளி அவள் அட்டையை வாங்கி நாலாக மடித்தான். குனிந்து, ஆடிக்கொண்டிருந்த தன் மேசையின் காலுக்கடியில் செருகினான். "இதெல்லாம் ஒரு அட்டையாம்மா? திங்கக்கிழமை ஒழுங்கான அட்டையோட வாங்க. இல்லேன்னா வராதீங்க."

அம்மா இதை வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் முகம் அச்சாகியிருந்த தாள் அது. மடித்தவன் மேல் வந்ததைவிடச் சிரித்தவள் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது. ஏன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அத்தை சிரிக்கவில்லை. "மடிச்சானா?" என்று மெதுவாகக் கேட்டார். "மடிக்க முடியாத மாதிரி ஒண்ணு குடுக்குறேன்."

கடையில் இருந்ததிலேயே கனமான, சதுர மீட்டருக்கு முந்நூறு கிராம் எடையுள்ள அட்டையில் பத்துத் தாள் வாங்கிவந்தார். அச்சகத்தில் நிர்வாகத்தின் கடிதம் இல்லாமல் அடையாள அட்டை அடிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையின் முன்னறையில், சுவரோடு ஒட்டிக் கிடந்த பழைய பிரிண்டர் முன்னால் நானும் உட்கார்ந்தேன். வேலை செய்யும் வீடொன்றில் புதிது வாங்கியபோது கழித்துவிட்டது அது. "நீ படிச்சவ. பாரு" என்றார்.

முன்பக்கத் தட்டில் அட்டையை வைத்தோம். உறுமியது, இரண்டு முறை இழுத்துப் பார்த்தது. பிறகு 'தாள் இல்லை' என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

"இல்லையா?" அத்தை எழுந்துவிட்டார். "பலகை மாதிரி வச்சிருக்கேன், இல்லேங்குதே! கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? பதினோரு வருஷமா அந்த கேட்டுல நுழையுறேன், நீ யாருன்னு கேக்குறான். அவன் தம்பியா நீ?"

கையால் தள்ளிக் கொடுத்தால் உள்ளே போனது. வளைந்து திரும்ப வேண்டிய இடத்தில் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்தபோது ஓரம் நார்நாராகப் பிய்ந்திருந்தது. அடுத்ததில் எட்டுப் பேரின் நெற்றியிலும் கறுப்புக் கோடு. அதற்கடுத்தது கோணல். ஐந்து தாள் இப்படியே போயிற்று. தாளுக்கு எட்டு அட்டை; முப்பத்தெட்டுப் பேருக்கு மீதி ஐந்து தாளும் வேண்டும். இனி ஒன்றுகூடக் கெடக்கூடாது.

நான் கைபேசியில் கையேட்டைத் தேடிப் படித்தேன். "இவ்வளவு தடிமனை இந்தத் தட்டு எடுக்காதாம் அத்தை. கொஞ்சம் மெல்லிசா வாங்கிக்கலாமே. இல்லேன்னா தாள்ல அடிச்சு அட்டையில ஒட்டிடலாம்."

அவர் குரல் இறங்கியது. "ஒட்டுப் போட்டு உங்கம்மா கழுத்துல மாட்டி விடுறியா? மெல்லிசா இருந்ததாலதானே மடிச்சான்? மெஷினுக்கு முடியலேன்னா நாங்க மெல்லிசாகணுமா? இதைச் சொல்லத்தான் காலேஜுக்குப் போனியா?"

எனக்கும் சுருக்கென்று ஏறியது. "எழுதியிருக்கிறதைத்தான் சொல்றேன். நானா அந்த மெஷினைச் செஞ்சேன்?" என்று கத்தினேன். அவர் பிரிண்டரை இரண்டு கையாலும் பிடித்துச் சுவரிலிருந்து தரதரவென்று இழுத்தார். தூக்கிக் கீழே போட்டு உடைக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

அதன் முதுகைத் தன் பக்கம் திருப்பினார். நகத்தால் ஒரு மூடியை நெம்பினார். "எல்லா வீட்லயும் இதுக்கு முதுகுல ஒரு கதவு இருக்கும். தூசி இங்கதான் உக்காரும். எத்தனை வருஷமா துடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?" செருகியிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து உள்ளே இருந்த ரப்பர் உருளைகளைத் துடைத்தார். துணி கறுத்தது. மறுபடி அலசி, மறுபடி துடைத்தார். நான் அதற்குள் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தேன். கனமான அட்டையைப் பின்பக்க வழியாக ஒவ்வொன்றாகக் கொடுக்கவும் என்று அங்கே இருந்தது. முடியாது என்ற வரியைப் பார்த்ததும் ஏன் அதோடு நிறுத்திக்கொண்டேன்? அதை நான் எங்கே பழகினேன்?

ஈரம் காய்ந்ததும் ஒயரைச் செருகிவிட்டு அட்டையைப் பின்பக்கமாகக் கொடுத்தார். நான் பிரிண்டரின் அமைப்பைத் தடித்த தாளுக்கு மாற்றினேன். உருளை பிடிக்கும்வரை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டே, "போ, போ... நேரா போய்த் தொலை" என்றார். வளையாமல், நெளியாமல், எட்டு முகங்களும் முன்பக்கம் வந்து விழுந்தன. ஐந்து தாளும் அப்படியே வந்தன. அத்தை சிரிக்கவில்லை. அம்மாவின் அட்டையைத் தனியாக வெட்டி எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். "ம். கெட்டி."

திங்கள் காலை பட்டியலைப் பிடித்துக்கொண்டு நானும் வாசலுக்குப் போயிருந்தேன். அதே காவலாளி. அம்மாவின் அட்டையை வாங்கினான், மடிக்கப் பார்த்தான். வரவில்லை. இரண்டு பெருவிரலையும் கொடுத்து அழுத்தினான். அம்மா இந்த முறை சிரிக்கவில்லை. "என்னம்மா இது, கதவைப் பேத்து எடுத்தாந்தீங்களா?" என்று அவனே திருப்பிக் கொடுத்தான். முப்பத்தேழு பேரும் உள்ளே போனார்கள்.

கடைசியாக அத்தை. தன் அட்டையைக் காட்டிவிட்டு நகராமல் நின்றார். பிறகு ஒரு கையால் மேசையைத் தூக்கி, காலுக்கடியில் இருந்த அம்மாவின் பழைய தாளை உருவினார். மேசை ஒருபக்கம் சாய்ந்தது. "ஏம்மா, என்ன பண்ற?" என்று அவன் எழுந்தான். எழுந்த வேகத்தில் அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அத்தையின் முகத்துக்கு நேரே ஆடியது.

அவர் அதைப் பிடித்தார். ஓரம் சுருண்டு, உறை கிழிந்து, அவன் முகம் பாதி அழிந்துபோயிருந்த, நிர்வாகம் கொடுத்த வெறும் தாள். "விடும்மா" என்றான். விடவில்லை. அவனையும் பார்க்கவில்லை. உள்ளே தெரிந்த நிர்வாக அறையின் கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அந்தத் தாளைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.