பலகையில் இல்லாத ஸீனா

ஒரு பெண் உள்ளே இருந்தால் கப்பல் மூழ்கிவிடும் என்று நம்புகிறவரா நீங்கள்? இல்லை என்று சட்டெனச் சொல்லிவிடுவீர்கள். உக்ரைனின் தெற்கே, பூக் ஆறு கருங்கடலைத் தேடி விரியும் இடத்திலிருந்த கப்பல் தளத்தில் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும். அங்கே இருந்தவர்கள் பள்ளியில் அறிவியல் படித்தவர்கள். வீட்டுச் சுவரிலிருந்து சாமி படங்களை இறக்கி வைத்தவர்கள். ஆனால் இறக்கப்பட்ட சாமி எங்கும் போய்விடவில்லை. கப்பலைத் தண்ணீரில் விடும் நாளில் மட்டும் மேஸ்திரிகளின் தலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அந்தக் கரையில் ஜார் மன்னர்கள் காலத்திலிருந்தே போர்க்கப்பல் கட்டினார்கள். முதல் உலகப் போரில், துணிச்சிறகு விமானங்களைப் பாரந்தூக்கியால் தண்ணீரில் இறக்கிப் பறக்கவிட்ட கப்பல்கள் அந்தக் கடலில் ஓடின. அரை நூற்றாண்டு கழித்து, நின்ற இடத்திலிருந்தே நேராக மேலெழும்பும் விமானங்களுக்காக ஒரு ராட்சசக் கப்பல் தளத்தில் வளர்ந்தது. எழும்பினாலும் அதிக தூரம் போகாத விமானங்கள் அவை. கொடிமரத்துக்குக் காவல் இருக்கத்தான் லாயக்கு என்று கடற்படைக்காரர்களே பின்னாளில் கிண்டலடித்தார்கள்.

கண் இருக்கிற யாருக்கும் அது விமானந்தாங்கிக் கப்பல் என்று தெரியும். ஆனால் விமானந்தாங்கி என்று சொன்னால் துருக்கியின் நீரிணையைக் கடப்பதில் ஒப்பந்தச் சிக்கல் வரும். ஆகவே காகிதத்தில் அதை ‘விமானம் சுமக்கும் குரூசர்’ என்று, ஏதோ சாதாரணப் பீரங்கிக் கப்பல் போல எழுதினார்கள். பெயரை மாற்றினால் பொருளே இல்லாமல் போய்விடும் என்கிற பழக்கம் கப்பலோடு நிற்கவில்லை. அதன் அடிவயிற்றில் வண்ணம் பூசிக்கொண்டிருந்த ஸீனா வரைக்கும் இறங்கியது.

ஸினயிதா பிலிபென்கோ அவள் முழுப்பெயர். தகப்பனைப் போர் தின்றது. தாய் நெசவாலையில் இருமி இருமி ஓய்ந்தாள். பள்ளி முடித்த கையோடு ஸீனா பெயிண்டர் பெண்கள் குழுவில் சேர்ந்தாள். ஒல்லி உடம்பு. அதனாலேயே அவளுக்குக் கிடைத்தது கப்பலின் இரட்டை அடித்தளம். மேலும் கீழும் இரும்புத் தகடு, நடுவே இடுப்பளவு உயரத்தில் தேன்கூடு போல அறைகள். ஓர் அறையிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்துதான் போகவேண்டும். ஒவ்வொரு தொகுதி அறைகளுக்கும் ஒரே வாசல், முட்டை வடிவத் துளை. அதற்கு ஓர் இரும்பு மூடி, சுற்றிலும் திருகாணிகள். ஆண்களின் தோள் நுழையாது என்று பெண்களை அங்கே அனுப்பினார்கள். கூலியை மட்டும் தோளின் அகலம் பார்த்துக் கொடுத்தார்கள்.

உள்ளே இறங்குகிறவர் தன் பித்தளைத் தகட்டைத் துளையருகே உள்ள பலகையில் மாட்டவேண்டும், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ளவேண்டும். பலகையில் ஒரு தகடு தொங்கினாலும் மூடியில் கைவைக்கக்கூடாது. ரத்தம் சிந்திக் கற்ற நல்ல விதி. ஆண்களின் தகடு வட்டம், பெண்களுடையது முக்கோணம்.

கப்பலை நீரில் விடும் நாள் காலையில் மேஸ்திரி கொவ்துன் பெண்களிடம் வந்து கையை நீட்டினார்.

“குடுங்கம்மா, எல்லாரும் தகட்டக் குடுங்க. பெரிய மனுசங்க பலகையப் பாத்துக்கிட்டே வருவாங்க. இன்னிக்கு முக்கோணம் ஒண்ணும் தொங்கக் கூடாது. கப்பலுக்கு ஆகாது.”

ஸீனாவின் தோழி லீதாவுக்கு வாய் சும்மா இருக்காது. “ஏன் மேஸ்திரி, முன்னால நின்னு கப்பல் மூக்குல சாராய பாட்டில் உடைச்சு வாழ்த்தப் போறது யாரு? மீசை வச்ச ஆளா?”

“அது கப்பலோட ஞானத்தாய். அது வேற.”

“ஓகோ! வெளிய நின்னா தாயி, உள்ள போனா தரித்திரமா?”

பெண்கள் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிக்கொண்டே சிரித்தார்கள். ஸீனாவும் சிரித்தபடிதான் தகட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தச் சிரிப்பை அவள் பிறகு பலமுறை நினைத்துக்கொண்டாள்.

சற்று நேரத்தில் கொவ்துன் அவளை மட்டும் கப்பலுக்குள் கூப்பிட்டார். அடித்தளத்தில் ஒரு பற்றவைப்புத் தையலில் வண்ணம் விடுபட்டிருந்தது.

“ஓடிப்போயி ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துரும்மா.”

“தகடு?”

“நான்தான் இங்கயே நிக்கிறேனே. நான்தான் உனக்குத் தகடு.”

டார்ச்சும் வண்ண டப்பாவுமாக அவள் ஊர்ந்து போனாள். கடைசி அறையில் தூரிகையை ஓட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வெளிச்சம் குறைந்தது. திரும்புவதற்குள் இரும்பு மேல் இரும்பு உட்கார்ந்தது. திருகாணிகள் ஒவ்வொன்றாக முறுகும் ஓசை கேட்டது. விருந்தினரை வரவேற்கச் சொல்லி யாரோ கூப்பிட, கொவ்துன் போயிருந்தார். மூட வந்த தொழிலாளிகள் விதிப்படி பலகையைப் பார்த்தார்கள். பலகை காலி. மூடினார்கள்.

அவள் முழங்காலால் ஓடினாள். டப்பாவால் மூடியை அடித்தாள், கத்தினாள். ஆனால் கப்பலுக்குக் கீழே ஒரு பட்டாளமே சம்மட்டியால், கப்பலைத் தாங்கிய முட்டுக்கட்டைகளைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தது. அடிவயிறு முழுக்க இடி. அந்த இடியில் அவளுடைய தட்டலும் ஓர் இடியாகக் கலந்து காணாமல் போனது.

ஈர வண்ணத்தின் நெடி தொண்டையைப் பிடித்தது. தலை சுற்றியது. கத்தக் கத்தக் காற்று குறையும் என்று அவளுக்குத் தெரியும். கத்துவதை நிறுத்தினாள். வண்ணம் காய்ந்திருந்த தூரத்து அறைக்கு ஊர்ந்துபோய்க் கன்னத்தை இரும்பில் வைத்துப் படுத்தாள். நீட்டினால் கை இடித்தது, நிமிர்ந்தால் தலை இடித்தது. டார்ச் மங்கி அணைந்தது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே கறுப்பு. அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் இருந்தது. கப்பல் மிதந்ததும் ஆட்கள் ஒவ்வொரு மூடியிலும் காதை வைத்து, உள்ளே தண்ணீர் கசிகிறதா என்று கேட்பார்கள். அது தளத்தின் வழக்கம். அதுவரை உயிர் இருக்கவேண்டும்.

சம்மட்டிகள் ஓய்ந்தன. எங்கோ தொலைவில் இசைக்குழு வாசித்தது. பிறகு முதுகுக்குக் கீழே உலகமே வழுக்கியது. இரும்பு ஊளையிட்டது. வண்ண டப்பா கவிழ்ந்து அவள் காலை நனைத்தது. கடைசியில் எல்லாம் இலேசாகி ஆடத் தொடங்கியது. வெளியே ஊர் மொத்தமும் “ஹுர்ரா” என்று கத்தியிருக்கும். அவள் வாந்தி எடுத்தாள்.

மறுபடி மூடிக்கு ஊர்ந்து போய்க் காத்திருந்தாள். காலடி வந்தது. தட்டினாள்.

மேலே காலடி நின்றது. “கடவுளே! யாரது?”

“நான் ஸீனா! மூடியத் திற!”

திருகாணி முறுக்கும் ப்ரோகிப்பின் குரல் அது. “ஸீனாக்காவா? பலகையில தகடே இல்லையேக்கா!”

“தகடு இல்லன்னா நான் இல்லையா? திறடா!”

“சீல் வச்சிருக்குக்கா. மேஸ்திரி சொல்லாம உடைச்சா என் தோல உரிச்சிருவாங்க. இரு, கூட்டியாரேன்.”

காலடி ஓடியது. உயிரோடு ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று அறிந்த பிறகும், ஓர் ஈய முத்திரைக்கு அஞ்சி ஓடிய காலடி.

கொவ்துன் வந்தார். மூடியோடு வாய் வைத்துக் கிசுகிசுத்தார். “ஸீனா, தங்கம், நல்லா இருக்கியா? கொஞ்சம் பொறுத்துக்க. விருந்தாளிங்க மேல்தளத்துல இருக்காங்க. இப்ப ஒரு பொம்பள அடியிலேருந்து ஏறி வந்தா என் கதை முடிஞ்சுது. அவங்க விருந்துக்குப் போகட்டும், உடனே திறக்கிறேன்.”

அதுவரை அவளுக்குப் பயம் மட்டும்தான் இருந்தது. தெரியாமல் பூட்டினார்கள் என்று நினைத்திருந்தாள். இப்போது தெரிந்தே பூட்டி வைத்திருக்கிறார்கள். பயம் இருந்த இடத்தில் வேறொன்று வந்தது.

“மேஸ்திரி, இப்ப சம்மட்டிச் சத்தம் இல்ல. கவனிச்சீங்களா?”

“என்னம்மா?”

“நான் தட்டினா கப்பல் முழுக்கக் கேக்கும். மேல்தளம் வரைக்கும்.”

டப்பாவின் விளிம்பால் ஓங்கி அறைந்தாள். கப்பல் மணிபோல அதிர்ந்தது. மீண்டும் அறைந்தாள். மீண்டும்.

“நிறுத்தும்மா! ப்ரோகிப், ஸ்பேனரப் போடுடா, ஸ்பேனரப் போடு!”

மனித உயிருக்குத் திறக்காத மூடி மானத்துக்குத் திறந்தது. செவ்வண்ணத்தில் தோய்ந்த ஸீனா மேலே வந்து தரையில் கிடந்து காற்றைக் குடித்தாள். எழுந்ததும் கையை நீட்டினாள்.

“என் தகடு.”

கொவ்துன் பையைத் துழாவிக் கொடுத்தார். அவள் அதைப் பலகையில் மாட்டிவிட்டு, அதன் கீழேயே உட்கார்ந்துகொண்டாள். விருந்தினர் அந்த வழியாக வந்தார்கள், ஒற்றை முக்கோணத்தைப் பார்த்தார்கள், போனார்கள். கப்பல் மூழ்கவில்லை.

மறுநாள் லீதா தொடங்கி ஒவ்வொரு பெண்ணும் தகடு மாட்டாமல் இறங்கமாட்டேன் என்றாள். மாட்டிய தகட்டுக்குக் கீழே ஒருத்தி காவலுக்கும் நின்றாள். கொவ்துனுக்குத் தண்டனை இல்லை. அந்த வருடம் பதக்கமே கிடைத்தது. கப்பல் கடல்களைச் சுற்றி, கடைசியில் பழைய இரும்பாக வெட்டப்பட்டது. ஸீனா ஓய்வு பெறும்வரை வண்ணம் பூசினாள். வீட்டில் குளியலறைக் கதவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். லிஃப்டில் அவள் ஏறியதே இல்லை. “ஒன் வீட்டுல மானம் மறைக்க இடமில்லடி” என்று லீதா கேலி செய்வாள். “மானம் போகட்டும், காத்து வரட்டும்” என்பாள் ஸீனா. தூக்கத்தில் மட்டும் அவள் கை எதையோ தட்டிக்கொண்டே இருந்தது.

உங்கள் தெருவிலும் சாக்கடை மூடிகள் உண்டு. நாளை அவற்றில் ஒன்று திறந்திருந்து, யாரோ உள்ளே இறங்கியிருந்தால், தயவுசெய்து கடந்து போகாதீர்கள். உள்ளே இருப்பவர் பெயர் என்ன, அவருக்காக வெளியே நிற்பவர் யார் என்று கேளுங்கள். யாரும் நிற்கவில்லை என்றால், அவர் ஏறி வரும்வரை நீங்கள் நில்லுங்கள்.