லைல் விடைபெறுகிறார்

இரண்டு உள்ளங்கைகளாலும் முழங்காலில் ஓங்கித் தட்டி, "சரி... அப்ப" என்றார் ஆளுநர் லைல் புர்க்ஹால்டர். வெளியே வண்டியோட்டக் காத்திருந்த காவலர் கர்ட் இதைக் கேட்டிருந்தாலும் அசைந்திருக்க மாட்டார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விருந்தாளி கிளம்புகிறேன் என்றால் பேச்சு பாதிக்கு வந்திருக்கிறது என்று பொருள். லைலுக்கோ அப்போதுதான் ஆரம்பம்.

நாற்காலியில் இருக்கும்வரை அவர் காரியம் பேசுவதில்லை. பால் விலை, பனி, யார் வீட்டுத் தொழுவத்தின் கூரை இறங்கிற்று, இவ்வளவுதான். எழுந்து கோட்டுக்குள் ஒரு கையை விட்ட பிறகே மசோதா வாயில் வரும். மறு கையை அவர் விடுவதற்குள் எதிரே நிற்பவர் பாதி இளகியிருப்பார். மீதி வாசலில் நடக்கும். வண்டிக் கண்ணாடி வழியாகக் கைகுலுக்கும்போது ஒரு ஓட்டு கட்சி தாண்டியிருக்கும்.

மாட்டு டாக்டராக அலைந்த காலத்துப் பழக்கம் இது. தொழுவத்துக்குள் வாய் திறக்காத பண்ணைக்காரர், டாக்டர் வண்டியேறும்போதுதான் மாடு எதைத் தின்றது என்று சொல்வாராம். "கன்னுக்குட்டி எந்தக் கட்சின்னு கேட்டுட்டா வெளிய வருது?" என்பது லைலின் நிரந்தர வசனம். வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்துகளில் அவர் "கன்னுக்குட்டி" என்றதுமே மீதியைக் கூட்டம் சொல்லி முடித்துவிடும். அவருக்கு ஓட்டே போடாதவர்கள்தான் சத்தமாகச் சொல்வார்கள்.

சட்டமன்றம் எதிர்க்கட்சியின் கையில். அதன் தலைவர் டோலன் தன் ஆட்களிடம் சொல்லி வைத்திருந்தார்: "அந்த ஆள் என்ன சொன்னாலும் கேளுங்க. வாசல் வரைக்கும் மட்டும் கூடப் போயிடாதீங்க."

வடக்கு மாவட்டத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூடாமல் காப்பாற்ற லைலுக்கு ஒரே ஒரு ஓட்டுக் குறைந்தது. அது அந்த மாவட்டத்தின் எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் ஆர்லீன் டொர்கெல்சனுடையது. செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு. ஞாயிறு மதியம் அவர் சமையலறையில்தான் லைல் முழங்காலைத் தட்டினார்.

ஆர்லீன் எழவில்லை.

"பாத்துப் போங்க டாக்டர். எனக்கு மூட்டு வலி" என்றார், உட்கார்ந்தபடியே.

லைல் கோட்டுக்குள் ஒரு கையை விட்டுச் சற்று நின்று பார்த்தார். ஆர்லீன் காபிக் கோப்பைக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தார். கூட நடந்து வர ஆளில்லாமல் எப்படிப் பேசுவது? மறு கையையும் விட்டுக்கொண்டு, தொப்பியை மாட்டி, விறுவிறுவென்று நடந்து வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்கய்யா, வயிறு கியிறு சரியில்லையா?" என்று பதறினார் கர்ட்.

"போச்சு கர்ட். வண்டிய எடு."

வண்டி நகர்ந்ததும் வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ஆர்லீன் கோட்டு கூடப் போடாமல், பூசணிக் கேக் டப்பாவோடு பனியில் ஓடி வந்தார்.

"டாக்டர்! என்ன இது, மாடு செத்த வீட்டுலருந்து ஓடுற மாதிரி ஓடுறீங்க? அக்கம்பக்கத்துல என்ன நெனப்பாங்க?"

கர்ட் வண்டியை நிறுத்தினார். லைல் கண்ணாடியை இறக்கினார். "மூட்டு வலின்னு சொன்னீங்களே."

"வலிதான். இதப் பிடிங்க." டப்பாவை உள்ளே திணித்தவர் நகரவில்லை. கதவின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "பக்கத்துப் பண்ணை பென்சன் வீட்டு மருமக போன வாரம் பனியில மாட்டி பெட்ரோல் பங்க்ல பெத்தா. தெரியுமா?"

"தெரியும்."

"அத உள்ள வச்சே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

"நீங்க எந்திரிக்கவே இல்லியே ஆர்லீன்."

ஆர்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். "டோலன் என்னை உரிச்சிடுவான்."

"உரிப்பாரு."

"நான் ஒண்ணும் சரின்னு சொல்லல."

"சொல்லவே இல்ல."

"ஆனா வார்டு மட்டும் இருந்து என்ன பிரயோசனம்? பனி நாள்ல கொண்டு வந்து சேக்க ஒரு ஆம்புலன்ஸ் வேணாமா? அதையும் அந்த மசோதாவுல எழுதினா..." என்று இழுத்தார்.

லைல் சீட் பெல்ட்டைக் கழற்றினார். கதவை மெல்லத் திறந்து, ஒரு காலை மட்டும் வெளியே எடுத்துப் பனியில் ஊன்றினார்.