காளிக்கு நான் வரைந்த கண்கள்

சின்ன வயதில் நான் செய்த உபகாரங்களைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் நல்லவிதமாகப் பேசுவதில்லை. அதில் முதலிடம் சித்தியின் காளி சிலைக்கு.

சித்தி அம்மாவின் தங்கை. புதுச்சேரியில் சிற்பம் படித்துவிட்டு, கடலூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் களிமண்ணும் கையுமாக இருந்தவள். வடக்கே போய் மேலே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தாத்தாவுக்கோ மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை மேல் ஆசை. தினமும் சண்டை. கடைசியில் தாத்தா, "சிதம்பரத்துல என்னவோ போட்டின்றியே, அதுல மொதப் பரிசு வாங்கியா. எங்க வேணா போய்ப் படி. இல்லன்னா வாயத் தொறக்காம கழுத்த நீட்டணும்" என்றார். சித்தி சரி என்றாள். எனக்குத் தலை பின்னிவிடப் பொறுமை உள்ள ஒரே ஆள் அந்த வீட்டில் அவள்தான். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நானும் விழுந்து விழுந்து சாமி கும்பிட்டேன்.

அவள் செய்தது, ஆடல் போட்டியில் சிவனிடம் தோற்று ஊர் எல்லைக்குப் போன தில்லைக் காளியை. ஆனால் கோயிலில் இருப்பதுபோல் இல்லை. சூலம் கிடையாது, நீட்டிய நாக்கு கிடையாது. நாள் முழுக்க நாற்று நட்டுவிட்டு வந்தவள் மாதிரி ஒரு காலை நீட்டி, மறு காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மூக்கும் வாயும் உண்டு. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. சுட்ட மண், இரண்டு வயதுக் குழந்தை அளவு. போட்டியன்று அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் கண்டக்டர், "கொழந்தைக்கு மூச்சு முட்டப் போவுதும்மா, போர்வைய வெலக்கு" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. சித்தி சிலையை மேசைமேல் வைத்தாள். கறுப்பு மார்க்கரில் பேர் எழுதி ஒட்டினாள். "யாரும் தொடாம பாத்துக்க, ஒரு டீ குடிச்சிட்டு ஓடியாந்துர்றேன்" என்று போனாள். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

அப்போது பார்த்து வேடிக்கை பார்க்க இரண்டு பெண்கள் வந்தார்கள். "இன்னாக்கா இது, சாமிக்கு இன்னும் கண்ணே தொறக்கல?" என்றாள் ஒருத்தி. "மறந்துட்டாங்க போல. கண்ணு தொறக்காத சாமிக்கு எவன் பரிசு குடுப்பான்?" என்றாள் மற்றவள்.

எனக்குப் பகீர் என்றது. எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குப் புதுச் சிலை வந்தபோது எல்லா வேலையும் முடிந்து கடைசியாகத்தான் கண் திறந்தார்கள், நானே பார்த்திருக்கிறேன். அவசரத்தில் சித்தி கோட்டை விட்டுவிட்டாள்! மார்க்கர் மேசையிலேயே கிடந்தது. நாற்காலியில் ஏறி, நாக்கைக் கடித்துக்கொண்டு, காதுவரை நீளமாக இரண்டு கண் போட்டேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வந்திருந்தது.

சித்தி வந்தாள். "அய்யய்யோ, என்னாடி பண்ணி வெச்சிருக்க!"

"நீ மறந்துட்ட சித்தி. நான் தொறந்துட்டேன்."

துப்பட்டாவை நனைத்துத் தேய் தேய் என்று தேய்த்தாள். சுட்ட மண் மார்க்கர் மையைக் குடித்துவிட்டிருந்தது, போகவில்லை. அதற்குள் நடுவர்கள் மூவரும் வந்துவிட்டார்கள். அவர்களில் ஒரு நரைத்த தாடிக்காரர் காளி முன்னால் நின்றவர் நகரவே இல்லை. "ஒடம்பு பூரா இந்தக் காலத்துது. கண்ணு மட்டும் கோயில்லேர்ந்து வந்துருக்கு. இந்தக் கண்ணுதாம்மா சிலையே! எப்பிடித் தோணிச்சு உனக்கு?" என்றார். மற்ற இருவரும் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார்கள். நான் சித்தியின் கையைக் கிள்ளினேன். ஜெயித்துவிட்டோம்!

சித்தி காளியைப் பார்த்தாள். பிறகு, "நான் கண்ணே போடலீங்க சார். ஆடித் தோத்துட்டு வந்து உக்காந்தவ யாரைப் பாப்பா? அதான் போடல. இது எங்க அக்கா பொண்ணு இப்பதான் மார்க்கர்ல போட்டுச்சு" என்றாள்.

தாடிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்தவங்க கை பட்டா போட்டியில சேராதேம்மா" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, குறித்ததை அடித்தார். முதல் பரிசு பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த மயிலுக்குப் போயிற்று.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நல்லது செய்தவளை அத்தனை பேர் முன்னால் போட்டுக் கொடுத்துவிட்டாளே! வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பஸ் ஸ்டாண்டிலேயே சுண்டுவிரலைக் காட்டி அவளோடு காய் விட்டேன்.

வீட்டில் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். சித்தி இல்லை என்று தலையசைத்தாள். அவர் மேல்பட்டாம்பாக்கத்துக்குப் போன் போட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் யார் யாரோ வருவதும் போவதுமாக இருந்தது. எனக்கு என் கோபம்தான் பெரிது. ஞாயிற்றுக்கிழமை சித்திக்கு அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் நேரே என்னிடம் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். இரண்டு விரலை நீட்டி, "பழம் விடுடி, செல்லம் இல்ல" என்று கெஞ்சினாள். நான் உதட்டைப் பிதுக்கி, முடியாது என்று தலையாட்டினேன்.